தீயறிந்தோரும் நீரறிந்தோரும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காட்டில் தீயிடுபவன் காட்டை அழிப்பவன் என்றே நாம் படித்தோம். மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்தோம். அது முழு உண்மையன்று என்பதை ஹென்றி லூயிஸ் என்னும் மானிடவியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். 1970களில் அவர் கனடாவின் வட ஆல்பர்ட்டாப் பகுதிப் பழங்குடி முதியோரிடம் கேட்டு எழுதினார். இளவேனில் தொடக்கத்தில், மரங்களினடியில் பனி உருகுமுன்பே, அவர்கள் புல்வெளிக்குத் தீயிட்டு வந்தனர். ஈரம் தடுத்ததால் தீ காட்டினுள் புகவில்லை. புதுப்புல் விரைந்து முளைத்தது. அதனை நாடி விலங்குகள் வந்தன. காலமும் இடமும் அளவும் அறிந்து இட்ட தீ அது.

இத்தகைய அறிவு நம் அருகிலேயே உண்டு. சத்தியமங்கலம் மலைகளிலும், அடுத்துள்ள கருநாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையிலும் சோளகர் வாழ்கின்றனர். கோடையின் தொடக்கத்திலேயே சிறு தீயிட்டுச் சருகை எரிப்பது அவர்தம் வழக்கமாயிருந்தது. 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, என்று அதற்குப் பெயர். 1974இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயமாயிற்று, தீயிடுதல் தடுக்கப்பட்டது. உண்ணிச்செடி காடெங்கும் பரவியது. சருகுத் தீ நின்றதே அதற்கும், நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்ததற்கும் காரணம் என்றனர் சோளகர். ஆய்வாளர்கள் அச்சொல்லைச் செவிமடுக்கப் பல ஆண்டுகள் சென்றன. அச்சமூகத்திலேயே பிறந்து கற்றுயர்ந்த சி. மாதேகவுடா, தம் மக்களின் அறிவைப் பற்றித் தாமே எழுதினார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2011இல் அங்குச் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன.

இளைஞர்களே, இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். மயிலையிலும் அடையாற்றிலும் வாழும் நம்மில் பலருடைய முன்னோர் ஏரிப்பாசன ஊர்களிலிருந்து வந்தவர்கள். தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறந்து, கரை காத்து, வயல்தோறும் நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் நம் மக்களே. வயல் பிறருடையது, உழைப்பு நம்முடையது. ஊர் அதனைச் சாதித்தொழில் என்றது. அறிவு என்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் கட்டாயத்தை உதறி வந்தது சரியே. அதனிடம் நாம் திரும்பப் போவதில்லை. ஆயினும் அடிமைத்தளையை எறிந்தபோது அறிவையும் சேர்த்து எறிந்துவிடலாகாது.

நாமும் இதில் தவறியவரே. பட்டம் பெறும் ஆர்வத்தில், கரையில் கசிவு கண்டால் என்ன செய்வீர்கள் என்று நம் பாட்டனாரை ஒருநாளும் கேட்டோமில்லை. இன்று கேட்க அவர் இல்லை.

அடுத்துள்ள தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. அவ்வேரியின் மடை எங்கிருந்தது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆதலின், வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டு முதியவரிடம் அமர்ந்து கேளுங்கள். ஏரியின் பெயர், மடையின் பெயர், கரை காத்த முறை, கூலியாகக் கிடைத்த நெல் அனைத்தையும், பட்ட இழிவையும் மறைக்காமல், குறிப்பேட்டில் எழுதுங்கள். சங்க நூலகம் அவற்றைப் போற்றிக் காக்கட்டும். லூயிசைப் போல் ஒருவர் வருவார் என்று காத்திராமல், மாதேகவுடாவைப் போல் நாமே எழுதுவோம்.

வாழ்க கல்வி! வளர்க சங்கம்!