பற்றீரியாவின் இடாப்பு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் வழங்கிய உரை)



உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பற்றீரியோபேஜின் படம் ஞாபகம் இருக்கும். கோணங்கள் கொண்ட தலை, ஒரு வால், சிலந்திக் கால்கள் போல ஆறு நார்கள். பாகங்களைக் குறித்துப் புள்ளி வாங்கியதோடு அந்தப் பாடம் முடிந்தது. அதற்குப் பின்னால் உள்ள கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

பேஜ் என்பது பற்றீரியாவைத் தாக்கும் வைரசு. 1917 இல் பெலிக்ஸ் டி'ஹெரெல் அதற்கு இந்தப் பெயரை இட்டார். பற்றீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஓர் இடத்தைப் பற்றிக்கொண்டு, தன் டீ.என்.ஏ.யை அது உள்ளே செலுத்தும். சில பேஜ்கள் அரை மணித்தியாலத்துக்குள் நூறு அளவில் பெருகி, கலத்தை உடைத்துக்கொண்டு வெளியேறும்.

அப்படியானால் பற்றீரியா ஏன் இன்னும் அழியவில்லை? கோடிக்கணக்கானவற்றுள் ஏதோ ஒன்றில், விகாரத்தால், அந்தப் பற்றும் இடம் மாறியிருக்கும். பேஜ் வருவதற்கு முன்னரே அந்த விகாரம் தோன்றியிருக்கும் என்பதை லூரியாவும் டெல்புறூக்கும் 1943 இல் காட்டினார்கள். தப்பியது பெருகும். பிறகு பேஜின் வாலிலும் விகாரம் வரும். ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே இரண்டும் கூர்ப்படைகின்றன. நூல்களில் இதை 'ஆயுதப் போட்டி' என்று எழுதுவார்கள். அந்தச் சொல் எங்களுக்குப் பிடிப்பதில்லை. காரணத்தை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை.

இனி யோகட்டுக்கு வருவோம். பாலைப் புளிக்கவைக்கும் பற்றீரியாக்களில் ஒன்று ஸ்ரெப்ரோகொக்கசு தேர்மோபிலசு. தொழிற்சாலைத் தொட்டிக்குள் பேஜ் புகுந்தால் பால் சரியாக உறையாது, நட்டம் பெரிது. டனிஸ்கோ நிறுவனத்தில் றொடோல்ப் பறங்கூ, பிலிப் ஹோர்வத் முதலானோர் இந்தப் பற்றீரியாவுக்குள் வேண்டுமென்றே பேஜை விட்டு, தப்பியவற்றை ஆராய்ந்தார்கள். தப்பியவற்றின் டீ.என்.ஏ.யில், கிறிஸ்பர் எனப்படும் பகுதியின் ஒரு முனையில், பேஜின் டீ.என்.ஏ.த் துண்டு புதிதாகச் செருகப்பட்டிருந்தது. அந்தத் துண்டை நீக்கினால் பாதுகாப்பும் போய்விட்டது. 2007 இல் இது வெளியானது. பள்ளிக்கூட இடாப்பில் பெயர் பதிவதுபோல, வந்த பகைவனின் அடையாளத்தைப் பற்றீரியா பதிந்து வைக்கிறது! அந்த இடாப்பு பிள்ளைகளுக்கும் போகிறது.

பேஜ் சும்மா இருக்குமா? பதியப்பட்ட துண்டுக்குரிய இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே அது அடையாளத்துக்குத் தப்பிவிடலாம் என்று அடுத்த ஆண்டே தெரியவந்தது. பற்றீரியா இன்னொரு துண்டைப் பதியும். வேறு சில பேஜ்கள் இன்னும் கெட்டித்தனம்: இடாப்பைத் திறக்கவிடாமல் செய்யும் புரதங்களையே வைத்திருக்கின்றன. கிறிஸ்பரிலிருந்து பரம்பரையலகைத் திருத்தும் கருவியைச் செய்த எமானுவெல் சார்ப்பென்ரியே, ஜெனிபர் டௌட்னா ஆகியோருக்கு 2020 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே பெண்கள். அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டோம்.

மருந்துக்கு அடங்காத தொற்றுகள் பெருகும் இக்காலத்தில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சூடோமோனாசு என்ற பற்றீரியா, உள்ளே வரும் நுண்ணுயிர்கொல்லி மருந்தைப் பம்பி வைத்து இறைப்பதுபோல வெளியேற்றிவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், போல் ரேர்ணர் குழுவினர், குளமொன்றிலிருந்து எடுத்த ஒரு பேஜ் அந்தப் பம்பியையே பற்றுகிறது என்று 2016 இல் காட்டினார்கள். பம்பியை வைத்திருந்தால் பேஜ் கொல்லும். பேஜுக்குத் தப்பப் பம்பியை மாற்றினால் மருந்து உள்ளே தங்கும். கைவிட்ட மருந்து மறுபடி வேலை செய்யும். பெருநாடியில் பொருத்திய செயற்கைக் குழாயில் நீண்டகாலத் தொற்றுடன் இருந்த ஒருவருக்கு இந்தப் பேஜையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததில் தொற்று அடங்கியதாக 2018 இல் அறிக்கை வெளிவந்தது.

பார்மசியில் போய்க் கேட்டு வாங்கும் காரியமல்ல இது. நோயாளியின் பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் வளர்த்து, எந்தப் பேஜ் அதைப் பற்றும் என்று முதலில் பார்க்கவேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களிலும் பற்றீரியா மாறிக்கொண்டேதான் இருக்கும்.