வாடகையும் வைத்தியச் செலவுதான்



மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிவிட்ட ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். காதில் விழுந்துகொண்டிருந்த குரல்கள் அடங்கிவிட்டன. தூக்கம் வருகிறது. "இனி வீட்டுக்குப் போகலாம்மா" என்கிறார் டாக்டர். எந்த வீட்டுக்கு? தாய் தகப்பன் இல்லை. அண்ணன் போனை எடுப்பதில்லை. மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நன்றாக வாழக்கூடியவர், வார்டுக் கட்டிலிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை அனுமதிக்கவில்லை. குடும்பம் சேர்த்துக்கொள்ளவில்லை, தங்க இடமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. இடைநிலை இல்லங்களுக்கும், துணையோடு வாழும் வீடுகளுக்கும் அரசே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அதற்கு முந்தைய பிரிவு.

பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் முடிச்சு. தமிழ்நாட்டு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டவை. வெளியே வந்தபின் ஆகும் வீட்டு வாடகை, அரிசி பருப்பு, உதவியாளர் சம்பளம் எதுவும் அந்தக் கணக்கில் வராது. இவை இல்லாவிட்டால் மாத்திரை நின்றுபோகும், நோய் திரும்பும். திரும்பவும் அதே வார்டு. அந்தச் செலவை மட்டும் அரசு தயங்காமல் ஏற்கிறது! என்னைக் கேட்டால், வாடகையும் வைத்தியச் செலவுதான்.

வழி தெரியாமல் இல்லை. 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய 'பேனியன்' அமைப்பு, 2015-இலிருந்து 'ஹோம் அகைன்' என்ற திட்டத்தை நடத்துகிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நான்கைந்து பேர் சேர்ந்திருப்பார்கள், உதவிக்கு ஒருவர் உடனிருப்பார். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது எல்லாம் அவர்கள் முடிவு. முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டார்கள்.

காப்பீட்டுத் தொகுப்பில் இந்த வீடுகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கும்படி அரசைக் கேட்போம். நாமும் ஒன்று செய்யலாம். குணமடைந்த நான்கு பேர் உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.