கோர்ட் கிளார்க்குக்கு ஓட்டுப் போடலாமா?

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை, வீடு நம்ம படப்பை. அவங்க அக்கா அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல இருக்காங்க. அங்க ரோட்டோரத்துல "கோர்ட் கிளார்க் பதவிக்கு எனக்கு ஓட்டுப் போடுங்க"ன்னு ஒருத்தர் போர்டு நட்டு வெச்சிருக்கார். அதைப் போட்டோ எடுத்து அக்கா அனுப்ப, தம்பி நம்மகிட்ட கேட்கிறார்: "குமாஸ்தாவுக்கெல்லாமா எலெக்‌ஷன் வைப்பாங்க?"

வைப்பாங்க. ஃப்ளோரிடாவுல 67 கவுன்ட்டி இருக்கு. கவுன்ட்டின்னா ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி. கோர்ட் கிளார்க்கை அங்க நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள் தேர்ந்தெடுக்கிறாங்க. கிளார்க்னு சொன்னதும் ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் நம்பர் கூப்பிடுற பெஞ்ச் கிளார்க்கை நினைச்சுடாதீங்க. இவர் மொத்த ஆபீஸுக்கும் தலைவர். கேஸ் கட்டு, கட்டணம், அபராதம் எல்லாம் இவர் கையில. பல கவுன்ட்டியில பத்திரப் பதிவும் கணக்குத் தணிக்கையும்கூட இவர்தான். நம்ம ஊர் சிரஸ்தார், சார்பதிவாளர், ஆடிட்டர் மூணு பேரையும் ஒரே நாற்காலியில உட்கார வெச்ச மாதிரி.

இந்தப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டுல வேர் பிடிச்சது. 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் ஜட்ஜுகள் எல்லாரையுமே தேர்தல் மூலமா எடுக்க ஆரம்பிச்சது. அந்த அலையில கிளார்க் பதவிகளும் பல இடத்துல ஓட்டுப்பெட்டிக்குள்ள போச்சு. மேல இருக்கிறவங்க தங்களுக்கு வேண்டியவங்களைச் செருகக் கூடாது, மக்களே தீர்மானிக்கட்டும்னு ஒரு எண்ணம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

நடைமுறையில ரெண்டு விதமாவும் நடந்திருக்கு. சிகாகோ இருக்கிற குக் கவுன்ட்டியில 2024 மார்ச்சுல, பதவியில இருந்த கிளார்க் ஐரிஸ் மார்ட்டினெஸ் சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்வுலேயே தோத்துப் போனார். ஜெயிச்ச மரியானா ஸ்பைரோபுலோஸ் பிரச்சாரத்துல எழுப்பின விஷயங்கள்ல ஒண்ணு, கிளார்க் ஆபீஸும் தகவல் அறியும் சட்டத்துக்குக் கட்டுப்படணும்ங்கிறது. ஒரு ஃபைல் ஆபீஸ் எப்படி நடக்கணும்னு ஊரே பேசுது பாருங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு.

இன்னொரு பக்கம் தென் கரோலினா. காலெட்டன் கவுன்ட்டியில பெக்கி ஹில் 2020 தேர்தல்ல ஜெயிச்சு கிளார்க் ஆனவர். 2023இல் அலெக்ஸ் மர்டாக் கொலை வழக்கு அவர் கோர்ட்டுல நடந்தது. தேசமே டிவியில பார்த்த வழக்கு. அதே வருஷம் அந்த வழக்கைப் பத்தி ஒரு புத்தகமும் வெளியிட்டார். ஜூரிகிட்ட பேசி அவங்க மனசை மாத்தப் பார்த்தார்னு குற்றவாளித் தரப்பு புகார் கொடுத்தது. 2024 மார்ச்சுல ராஜினாமா, 2025இல் கைது. ஓட்டு வாங்கி வந்தவருக்குப் புகழ் மேல ஒரு கண்ணு இருக்கத்தான் செய்யும், இல்லையா?

இப்ப நம்ம பக்கம் வாங்க. 2021 அக்டோபர்ல காஞ்சிபுரம் உட்பட 9 மாவட்டத்துல ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. படப்பையில ஓட்டுப் போட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரே ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். ஆனா ஊராட்சிச் செயலருக்குச் சீட்டு கிடையாது. அவர் நியமனம். கோர்ட்டும் அப்படித்தான். இளநிலை உதவியாளர், தட்டச்சர் எல்லாம் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வழியா வர்றாங்க. நகல் பரிசோதகர், அமீனா மாதிரி வேலைகளுக்கு உயர் நீதிமன்றமே ஆள் எடுக்குது. 2024 அறிவிப்புல மட்டும் 2,329 இடம். அரசியல் சாசனத்தின் 235ஆவது பிரிவுப்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றக் கட்டுப்பாட்டுல இருக்கு. அந்த வேலையில இருந்துக்கிட்டே எந்தத் தேர்தல்லயும் நிக்க முடியாது. நிக்கணும்னா வேலையை விடணும்.

என்னைக் கேட்டா, நம்ம முறையே மேல். நம்ம ஊர்ல அந்த நாற்காலிக்குத் தேர்தல் வெச்சா என்ன ஆகும்னு கொஞ்சம் யோசிங்க. போஸ்டர் ஒட்டினவன் கேஸ் முன்னாடி வரும், எதிர்த்து வேலை பார்த்தவன் கட்டு காணாமப் போகும். ஆனா அமெரிக்காக்காரன் ஓட்டு மூலமா வாங்குற ஒரு விஷயம் நமக்கும் வேணும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் நமக்குப் பதில் சொல்லணும்.

ஏன் இது பெரிய விஷயம்? வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்ல லாரி இடிச்சு ஒருத்தர் கால் போயிடுச்சுன்னு வைங்க. தீர்ப்பாயம் கொடுத்த நஷ்ட ஈடு பத்தலை. உயர் நீதிமன்றத்துல அப்பீல் போக 90 நாள் கெடு. அப்பீலுக்குத் தீர்ப்பு நகல் வேணும். நகல் தயாராக எடுக்கிற நாளைக் கெடுவுல கழிச்சுக்கலாம்னு காலவரையறைச் சட்டம் 12ஆவது பிரிவு சொல்லுது. ஆனா நகல் மனு போட்ட தேதியிலிருந்துதான் அந்தக் கழிவு. மனு போடாம வீட்ல உட்கார்ந்திருந்த நாள் நம்ம கணக்குலதான் போகும். மனு எப்ப வந்தது, நகல் எப்ப தயார், எப்ப கொடுத்தாங்கன்னு எழுதுறது யாரு? அந்த நகல் பிரிவு ஊழியர். அவர் பேனா ரெண்டு நாள் தள்ளி எழுதினா உங்க அப்பீலே ஆட்டம் கண்டுடும்.

அந்த ஜன்னலைச் சுத்திக்கிட்டுப் போகவும் வழி இல்லை. 2020 மார்ச்சுல உச்ச நீதிமன்றம், குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்குல சொல்லிடுச்சு: கோர்ட் ஆவண நகலை ஆர்டிஐ போட்டு வாங்க முடியாது, கோர்ட் விதிப்படி மனு போட்டுத்தான் வாங்கணும். சிறைத்தண்டனை ஆனவருக்கு மட்டும் தீர்ப்பு நகல் உடனே, இலவசமா கொடுத்தாகணும். இது நிறைய பேருக்குத் தெரியாது, சொல்லி வைங்க.

அதனால தம்பி, அக்காகிட்ட சொல்லுங்க, இங்க போர்டு நட வேண்டாம். ஆனா வீட்ல யாருக்காவது கேஸ் இருந்தா, 16 இலக்க சிஎன்ஆர் நம்பரை வக்கீல்கிட்ட கேட்டு வாங்கி வைங்க. இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த வாய்தா எப்பன்னு நீங்களே பார்க்கலாம். தீர்ப்பு வந்த அன்னைக்கே நகல் மனு போடச் சொல்லுங்க, மனு நம்பரைக் குறிச்சுக்குங்க. நகல் கையில வந்ததும் அதுல இருக்கிற தேதிகளைச் சரிபாருங்க. தப்பு இருந்தா ஜன்னலை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே சொல்லுங்க. கேட்கலைன்னா சிரஸ்தார், அவருக்கும் மேல முதன்மை மாவட்ட நீதிபதிக்கு ஒரு எழுத்துப் புகார்.

அடுத்த எபிசோடுல அமீனா. சம்மன் வாங்க மாட்டேன்னு கதவைச் சாத்தினா என்ன ஆகும்னு பேசலாம். வரட்டுமா.