பூகம்பமும் பாவமும்



மதமும் விஞ்ஞானமும் அரசியலும் வறுமையும் பொதுவாழ்வில் எவ்வாறு ஒன்றையொன்று தொடுகின்றன என்று பொதுப்படப் பேசுவது எளிது. பேசி முடித்தபின் கேட்டவர் கையில் ஒன்றும் தங்குவதில்லை. ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். அது நேர்ந்தது பீகாரில். அதைப் பற்றிய வாதம் கிளம்பியதோ நம் திருநெல்வேலிச் சீமையில்.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகல், இரண்டு மணி கடந்து கால்மணி நேரம் ஆகுமுன், வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரத்துக் கடைவீதி செங்கற் குவியலாயிற்று. முஸாபர்பூரும் தர்பங்காவும் பாழ்பட்டன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் கோயில்கள் சரிந்தன. பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். வயல்கள் பிளந்து நீரும் மணலும் பீறிட்டெழுந்தன. குடிநீர்க் கிணறுகள் மணலால் தூர்ந்துபோயின. கரும்பு வெட்டும் பருவம் அது. சர்க்கரை ஆலைகள் சேதமுற்றமையால், ஆட்டுவாரின்றிக் கரும்பு வயலிலேயே நின்றது. கூரை பிழைத்த குடியானவனும் அவ்வாண்டின் வரும்படியைப் பறிகொடுத்தான்.

அந்நாளில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் யாத்திரை செய்துகொண்டிருந்தார். 1933 நவம்பரில் தொடங்கி ஒன்பது மாத காலத்தில் சுமார் 12,500 மைல் சுற்றிய யாத்திரை அது. பூகம்பம் நிகழ்ந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 24-இல், அவர் திருநெல்வேலியில் இருந்தார். அங்குக் கூடிய பெருங் கூட்டத்தில், பீகாருக்கு நேர்ந்த துயரம் நாம் செய்த பாவத்திற்கு, அதிலும் தீண்டாமை என்னும் பாவத்திற்கு, இறைவன் விதித்த தண்டனை என்றே தாம் நம்புவதாகக் கூறினார். தம்மை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்வோர் சொல்லட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மகாகவி தாகூர் இதைப் படித்துத் திடுக்கிட்டார். தீண்டாமையை அவரும் வெறுத்தவரே. ஆயினும் இயற்கையின் உற்பாதங்களுக்கு இயற்கையிலேதான் காரணம் தேட வேண்டும் என்று மறுப்பு எழுதினார். நம் பாவம் எத்துணைப் பெரிதாயினும், படைப்பின் அஸ்திவாரத்தை அசைக்கும் வலிமை அதற்கு இல்லை என்றார். அவர் சொன்ன இன்னொன்று என் கருத்தில் அதனினும் கூர்மையானது. இந்த வாதம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே பொருத்தமானது. பூகம்பத்துக்குக் காரணம் காந்தியும் அவர் கூட்டத்தாருமே என்று சனாதனிகள் கூறினால் என்ன மறுமொழி சொல்வது?

முங்கேரில் மண்வெட்டி பிடித்து இடிபாடுகளைக் கிளறிய நேருவும் இக்கேள்வியைத் தம் சுயசரிதையில் எழுப்புகிறார். தென்னாட்டின் தீண்டாமைக்குப் பீகார் ஏன் அடிபட வேண்டும்? தர்பங்கா மகாராஜாவுக்குப் பெருநஷ்டம்; ஆகவே இது ஜமீன்தாரி முறைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிவிடலாமே! வட பீகார் சுதந்தரப் போரில் முன்னணியில் நின்றது. ஆங்கில சர்க்கார் அதையே குற்றமாகக் காட்டலாமே! ஒரு பூகம்பத்தை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் தண்டிக்கலாம் போலிருக்கிறது.

காந்தியடிகள் தாகூரின் மறுப்பை 1934 பிப்ரவரி 16-ஆம் தேதி ‘ஹரிஜன்’ இதழில் அப்படியே வெளியிட்டு, அதனோடு தம் விடையையும் அச்சிட்டார். தொடர்பை நிரூபிக்கத் தம்மால் இயலாது, எனினும் உள்ளம் அதை உணர்கிறது என்பது விடையின் சாரம். இதனால் நான் சமாதானம் அடையவில்லை. ஒன்று மட்டும் காந்தியடிகளுக்காகச் சொல்ல வேண்டும். அவர் ‘நம் பாவம்’ என்றார். குற்றவாளிக் கூண்டில் தம்மையும் சேர்த்தே நிறுத்தினார். பிற்காலத்தில் வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் தெய்வக் கோபமாக விளக்குவோரிடம் அந்த ‘நம்’ காணப்படுவதில்லை. பாவம் எப்போதும் அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

மார்ச் மாதம் அவர் பீகாருக்குச் சென்றார். சிறையினின்று வெளிவந்த ராஜேந்திர பிரசாத் அங்கே நிவாரணக் குழுவைத் திரட்டி நடத்திக்கொண்டிருந்தார். உடல் வலிமை உள்ளோர் தானமாக எதையும் பெறலாகாது, உழைத்தே உதவி பெறுக என்றார் அடிகள். எந்த சர்க்காரோடு போராடினாரோ, அதே சர்க்காரோடு நிவாரணப் பணியில் ஒத்துழைக்கும் தீர்மானத்தைப் பாட்னாவில் அவரே கொண்டுவந்தார். கிணற்று மணலை அள்ளியபோது, அது எவருடைய பாவத்தால் வந்த மணல் என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

விஞ்ஞானிகளும் அந்நிலத்தில் நடந்தார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1939-இல் வெளியிட்ட அறிக்கை, மண் இளகிக் கட்டடங்கள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போன பகுதியை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு வரைந்து காட்டியது. கங்கைச் சமவெளியின் நீர் தோய்ந்த வண்டல், குலுக்கத்தில் குழம்பாகி விடுகிறது. மண் ஏன் குலுங்கியது என்பதன் முழு விளக்கம் 1960-களில்தான் தெளிவாயிற்று. பாரத நிலம் தாங்கிய பாறைத்தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியிற் புகுகிறது. ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் அங்கே இறுக்கம் சேர்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தது ஒரு நொடியில் அவிழ்கிறது. பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்திய விதிநூல் 1962-இல் வெளிவந்தது.

அதற்குப் பின்னர், 1988 ஆகஸ்டு 21-ஆம் நாள் விடியுமுன், அதே நிலப்பரப்பு மீண்டும் அதிர்ந்தது. முன்னதைவிடச் சிறிய அதிர்ச்சிதான். எனினும் பீகாரிலும் நேபாளத்திலுமாக ஆயிரம் பேர் அளவில் மாண்டனர். களிமண் சாந்து பூசி அடுக்கிய செங்கற்சுவர்கள் உறங்குவோர் மேல் விழுந்தன. விதிநூல் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கத்தான் இருந்தது. சிமெண்டு வாங்கக் காசில்லாதவன் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. மண் சாந்துச் சுவரை எவ்வாறு பிணைப்பது என்று அவனூர்க் கொத்தனாருக்கு எடுத்துச் சொல்ல ஆளும் போகவில்லை.

பாட்னாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் அலுவல் நிமித்தம் குடியேறி, இப்போது சொந்த வீடு கட்டத் துணியும் தமிழ் நேயர்கள் சிலர் இதைக் கேட்கக்கூடும். வாசல் ஜன்னல்களுக்கு மேலே, சுவர் முழுவதையும் இடைவிடாமல் சுற்றிப் பிணைத்து ஓடும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை உண்டா என்று கொத்தனாரிடம் கேளுங்கள். பூமி பூஜையன்றே கேட்டுவிடுவது நல்லது. சுவர் எழும்பியபின் அதை நுழைப்பது கடினம்.