இரைச்சலும் இருளும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபநிலையத்துள் ஒரு குரங்கு புகுந்து மின்கருவியைத் தீண்டியமையே காரணம் என அறிவிக்கப்பட்டது. இராமகாதையில் இலங்கைக்குத் தீயிட்டது ஒரு வானரம். இக்காலத்தில் இலங்கையின் விளக்கை அணைத்ததும் ஒரு வானரமே!

இத்தகைய வேளையிலேதான் மலையுச்சியில் நிற்கும் சிறு வானொலிக் கோபுரத்தின் அருமை புலப்படும். அதன் உயரம் மரங்களைவிடச் சற்றே அதிகமாக இருக்கலாம். அதன் காலடியில் உள்ள அறையும் ஒரு கடைச் சாய்ப்பினும் பெரிதன்று. ஆயினும் பள்ளத்தாக்கின் ஒரு புறத்திலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்டு, அதற்கு வலுவூட்டி, மறுபுறத்துக்கு அனுப்பும் பணி அதனுடையது. மண்சரிவில் அகப்பட்ட ஊரிலிருந்து மருத்துவ வண்டியை அழைக்கும் குரலும் அவ்வழியாகவே செல்லவேண்டும்.

இக்கோபுரத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று இரைச்சல், மற்றது இருள், அதாவது மின்தடை. இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகக் கருதி வெவ்வேறு மருந்து தேடுவோர் பலர். ஆனால், பெரும்பாலும் இரண்டும் ஒரே வாயிலாலேயே நுழைகின்றன. அவ்வாயில் கோபுரத்துக்கு உணவூட்டும் மின்சாரமே.

முதலில் இரைச்சலை நோக்குவோம். தூரத்திலிருந்து கோபுரத்தை வந்தடையும் குரலின் வலிமை, ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாக இருப்பதுண்டு. அதே அறையில் இருக்கும் மின்னேற்றியோ செக்கனுக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டும் தடுத்தும் வேலை செய்கின்றது. சந்தை நடுவே ஒருவர் காதோடு இரகசியம் பேசுவது போன்ற நிலை இது. இதிலுள்ள அபாயம் யாதெனில், கோபுரத்துக்கு அண்மையில் இருப்போருக்கு எக்குறையும் தோன்றுவதில்லை. அவர்தம் குரல் வலியது. இரைச்சலையும் மீறிக் கேட்கும். கோபுரம் சொல்வதும் எங்கும் தெளிவாகவே கேட்கும். ஆயினும், வாய் நன்றாயிருக்கக் காது மட்டும் மந்தமாகிவிடுகின்றது. எல்லையோரத்தில், கையடக்கக் கருவியொன்றுடன் நிற்பவரின் குரலே முதலில் மறைந்துபோகும். உதவி மிக வேண்டியவரும் பெரும்பாலும் அவரே.

இரைச்சலை ஆராய்வதற்குப் பொறுமை வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கார்ள் ஜான்ஸ்கி என்னும் பொறியியலாளர், 1930ஆம் ஆண்டையடுத்த காலத்தில், வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல்களை ஆராய்ந்தார். சுழலும் ஏரியல் ஒன்றை அமைத்து, எந்நேரத்தில், எத்திசையிலிருந்து, எவ்வகை ஒலி வருகின்றது என்று மாதக்கணக்காகக் குறித்துவந்தார். அண்மையில் முழங்கும் இடியை ஒரு வகையாகவும், தொலைவில் முழங்கும் இடியை மற்றொரு வகையாகவும் பிரித்தார். எஞ்சிய மெல்லிய சீறல் பால்வீதி மண்டலத்திலிருந்து வருவது என்பதை 1933இல் வெளியிட்டார். வானொலி வானியல் என்னும் துறை அதிலிருந்து பிறந்தது. இரைச்சலைச் சபிப்பதற்கு முன் அதனை வகைப்படுத்துக என்பதே அவர் வழி காட்டும் பாடம்.

சிறு கோபுரத்தைப் பேணுபவரும் இதே வழியைக் கைக்கொள்ளலாம். ஏரியலைக் கழற்றி, அதனிடத்தில் அதற்கு ஈடான ஒரு தடையைப் பொருத்துதல் முதற் சோதனை. இரைச்சல் நின்றுவிடின், அது ஏரியல் வழியாக வருவது. நில்லாவிடின், அது கருவிக்குள்ளோ, மின்சாரக் கம்பி வழியாகவோ வருவது. இரண்டாவது சோதனை இதனினும் எளிது. பிரதான ஆளியை நிறுத்தி, நிலையத்தை மின்கலங்களில் மட்டும் ஓடவிடல் வேண்டும். அக்கணமே இரைச்சல் அடங்குமாயின், கள்வன் மின்சாரத்தோடு வந்தவன் என்பது உறுதி. பின்னர் மின்னேற்றி, மின்குமிழ், கண்காணிப்புக் கமரா என ஒவ்வொன்றாக இணைத்துக் கேட்டால், அவன் தானே அகப்படுவான். சூரிய ஒளித் தகட்டின் மின்னைக் கட்டுப்படுத்தும் கருவியும் இவ்வகையில் ஐயுறத்தக்கதே.

காதும் ஒரு கருவியாகும். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. ஆதலின், அதிலிருந்து பிறக்கும் இரைச்சல் பெரும்பாலும் செக்கனுக்கு 100 தடவை அதிரும் ரீங்காரமாகக் கேட்கும். வெயிலில் எழுந்து மழையில் அடங்கும் இரைச்சலாயின், வெளியே மின்கம்பத்தில் ஏதோ தளர்ந்து பொறி தட்டுகின்றது எனக் கருதலாம். மத்திய அலை வானொலிப் பெட்டியொன்றைக் கையில் ஏந்தி மெல்லத் திருப்பிச் சென்றால், ஒலி மிகக் குறையும் நிலையைக் கொண்டு அது வரும் திசையை உணரலாம். கோபுரம் ஒலிபரப்பும்போது மட்டும் எழும் இரைச்சலாயின், துருவேறிய பொருத்துகளையும் தளர்ந்த இணைப்புகளையும் பரிசோதித்தல் வேண்டும்.

மருந்துகள் பெரும்பாலும் எளியவை. மின்கம்பிகளை முறுக்கி இணைத்தல், அவற்றை ஏரியற் கம்பியினின்று விலக்குதல், கம்பியைச் சுற்றிப் பெரைற்று வளையம் பூட்டுதல் ஆகியவை அவை. மின்னேற்றியே குற்றவாளியாயின், அதனை மாற்றுவதே முறை. புவித்தொடுப்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்திருத்தலும் இன்றியமையாதது. மார்ச்சு, ஏப்ரிலிலும் ஒற்றோபர், நவம்பரிலும் இடிமுழக்கம் மிகும் இந்நாட்டில், புவித்தொடுப்பைப் புறக்கணிப்பவர் முதல் மின்னலிலேயே கருவியை இழக்க நேரலாம்.

இனி இருளை நோக்குவோம். ஒரு சிறு நிலையம் காத்திருக்கும்போது 1 அம்பியரும், பேசும்போது 10 அம்பியரும் மின்னோட்டம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். காற்பங்கு நேரம் அது பேசுமாயின், சராசரி மூன்றேகால் அம்பியராகும். ஒரு நாளுக்கு 78 அம்பியர்-மணி வேண்டும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே, ஒரு நாளைக் கடக்க ஏறத்தாழ 160 அம்பியர்-மணி கொண்ட மின்கலவடுக்கு வேண்டப்படும்.

எனினும் கணக்கு மட்டும் காப்பாற்றாது. மின்கலம் ஏமாற்றுவதில் வல்லது. ஓய்விலிருக்கும் பழைய மின்கலமும் 12.7 வோல்ற்றுக் காட்டலாம். சுமை ஏற்றிய மறுகணம் அது சரிந்து வீழலாம். வெப்பமும் அதற்குப் பகை. வெயில் தாக்கும் தகரக் கூரையின் கீழ் வைத்த மின்கலம் குளிர்ந்த இடத்தில் வைத்ததைவிட மிக விரைவில் மூப்படையும்.

மின்பிறப்பாக்கி உண்டே எனச் சிலர் ஆறுதல் கொள்வர். 2022ஆம் ஆண்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்திலேதான், டீசலுக்காகவும் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். நோயும் மருந்துத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தன. 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மரியா என்னும் சூறாவளி புவேட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியபோது, அங்கிருந்த கைத்தொலைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவை செயலிழந்தன. மின்சாரமும் இணைப்புக் கம்பிகளும் ஒருங்கே அறுந்தமையால் நேர்ந்த கதி அது.

ஆதலின், மாதம் ஒருமுறையேனும், வானம் தெளிந்த ஒரு நாளில், பிரதான ஆளியை வேண்டுமென்றே நிறுத்தி, நிலையத்தைச் சில மணி நேரம் மின்கலத்தில் ஓடவிடுதல் நன்று. மணிக்கு ஒரு தடவை வோல்ற்றளவைக் கொப்பியில் குறித்து, சென்ற மாதக் குறிப்போடு ஒப்பிடல் வேண்டும். அளவு முன்னிலும் விரைவாக இறங்குமாயின், மின்கலம் முதுமை எய்திற்று என்பது தெளிவு. அதே வேளையில் காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், மின்சாரம் நின்றதும் தெளிவடையும் குரல், இரைச்சல் வரும் வழியையும் காட்டிக்கொடுக்கும். இருளைச் சோதிக்கும் பொழுதே இரைச்சலையும் சோதிக்கும் பொழுதாகின்றது. ஒரே ஆளி, இரு பகைவரையும் காட்டும் விளக்கு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை அழித்தபோது, அம்பாந்தோட்டைக்குச் சென்ற தொழில்சாரா வானொலியாளர்கள் சிற்றலைக் கருவிகளால் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். அத்தகைய கருவிகள் 12 வோல்ற்று மின்கலத்திலேயே இயங்கக் கூடியவை. அந்நாளில் உதவியவை பெரிய இயந்திரங்கள் அல்ல. பழுதறப் பேணப்பட்ட சிறிய கருவிகளும், அவற்றைக் கையாளத் தெரிந்த மனிதருமே.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. மலைக்கோபுரத்துக்கு அணையாவது, ஒரு கொப்பியும், நிறுத்திப் பார்க்கும் துணிவும், கூர்ந்து கேட்கும் காதுமேயாம்.