வீட்டுப் பட்டறையில் வெள்ளி வேலை

(கைத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் கொடுப்பதும் அதை வசூலிப்பதுமே சங்கத்தின் வேலை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 1904-ஆம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது மெய்தான். ஆனால் 1912-ஆம் வருஷத்துச் சட்டம், சாமான் வாங்குதல், சரக்கு விற்றல் முதலிய காரியங்களுக்கும் வழி திறந்துவிட்டது. ஆகவே ஒரு கைத்தொழிலைத் தாங்கி நிறுத்துவதும் சங்கத்தின் கடமையே. இன்று வெள்ளி வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சேலத்து வெள்ளிக் கொலுசின் பெயரை அறியாதவர் இல்லை. அவ்வேலையில் பெரும்பகுதி வீடுகளிலேயே நடக்கிறது. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள். வேறொரு வீட்டில் பற்றவைப்பார்கள். மற்றொரு வீட்டில் மெருகிடுவார்கள். இவ்விதம் கூலிக்கு வேலை செய்பவனுக்கு வெள்ளி சொந்தமன்று. எடை போட்டு வாங்கி, எடை போட்டே திருப்பிக் கொடுக்கவேண்டும். அனுமதித்த சேதாரத்துக்கு மேல் எடை குறைந்தால் கூலி குறையும்; மாற்றுக் குறைந்தால் நாணயமே போய்விடும். இவ்விரண்டு நஷ்டங்களும் எங்கே பிறக்கின்றன என்று பார்ப்போம்.

சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. அன்றாட உபயோகத்தில் நெளிந்து தேயும். ஆதலால் அதனுடன் செம்பு சேர்க்கிறோம். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு செம்பும் கலந்ததையே 925 மாற்று என்கிறோம். சுத்த வெள்ளி உருக ஏறக்குறைய 961 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும், செம்புக்கு 1084. விந்தை யாதெனில், 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை சுமார் 780 டிகிரியிலேயே உருகிவிடும். நகை உருகுமுன் பற்றாசு உருகி ஓடுவதற்கு இதுவே அடிப்படை. துத்தநாகம் சேர்த்தால் இன்னும் எளிதில் உருகும்.

மாற்றுக் குறைவு பிறக்குமிடமும் இதுவே. 925 மாற்றுள்ள 1000 கிராம் வெள்ளியில், நூற்றுக்கு 65 பங்கு வெள்ளியுள்ள பற்றாசு 20 கிராம் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்த எடை 1020 கிராம். அதிலுள்ள வெள்ளி 938 கிராம். உருக்கிப் பார்த்தால் மாற்று 919-க்குச் சற்று மேலேதான் நிற்கும். தொழிலாளி ஒரு குன்றிமணி வெள்ளியும் திருடவில்லை. ஆயினும் பழி அவன் தலையில் விழுகிறது. இணைப்பை நன்றாக அராவி, இடைவெளியின்றிப் பொருத்தி, வெண்காரம் தடவி, அளவான பற்றாசு வைத்து ஊதினால் இந்தப் பழி வராது. வாயகன்ற இணைப்பைப் பற்றாசு கொண்டு நிரப்புவது, கிழிசலைத் தைக்காமல் பசை தடவி மூடுவதை ஒக்கும்.

அடிக்க அடிக்க வெள்ளி விறைத்து வெடிக்கும். அப்போது மங்கிய சிவப்பு நிறம் தோன்றும் வரையில் காய்ச்சினால் மறுபடி இளகும். இதை நல்ல வெளிச்சத்தில் அறிய முடியாது. நிழலில் வைத்துப் பார்ப்பதே உத்தமம்.

அடுத்தது எடைக்குறைவு. அரத்தூள் தரையில் விழுகிறது, வேஷ்டியில் ஒட்டுகிறது, விளக்குமாற்றோடு வெளியே போகிறது. நாளொன்றுக்கு 1 கிராம் போனாலும், 300 நாள் வேலையில் 300 கிராம் ஆயிற்று. மணைக்குக் கீழே துணி விரியுங்கள். தூளில் காந்தத்தை ஓட்டி இரும்பை நீக்குங்கள். பற்றாசு கலந்த தூளை வேறாக வையுங்கள். பட்டறைக் குப்பையை வீசிவிடாமல் சேர்த்துவையுங்கள். அதை எரித்துக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம்.

இனி, வெள்ளியைவிட விலையுயர்ந்த பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். அது உங்கள் தேகம். வீட்டுப் பட்டறையில் உலைக்குப் பக்கத்திலேயே தொட்டிலும் அடுப்பும் இருக்கின்றன. எளிதில் உருகும் என்று காட்மியம் கலந்த பற்றாசை வாங்குவோர் உண்டு. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அவ்வாவி மணத்தால் எச்சரிக்காது; சில மணி நேரம் கழித்தே மூச்சுத் திணறல் காணும்; நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதை அடியோடு விலக்குங்கள். அழுக்கெடுக்கத் திராவகம் கலக்கும்போது தண்ணீரில் திராவகத்தை மெதுவாக விடவேண்டும். திராவகத்தில் தண்ணீரை ஒருபோதும் விடலாகாது. அப்பாத்திரத்தைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகவேண்டாம்.

இவற்றுள் தனி மனிதன் செய்யக்கூடியவை சில. சங்கம் செய்யவேண்டியவை சில. மாற்றுத் தெரிந்த வெள்ளியையும், காட்மியமில்லாத பற்றாசையும் மொத்தமாக வாங்கி எடைக்கணக்கில் கொடுக்கலாம். பத்து வீட்டுக் குப்பையை ஒருங்கே சேர்த்துச் சுத்திகரிக்க அனுப்பி, எடைக்குத் தக்கபடி பணத்தைப் பங்கிடலாம். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, வாங்கிய எடை, கொடுத்த எடை, திரும்பிய தூள் ஆகியவற்றைப் பதியச் செய்யலாம். எழுதிவைத்த கணக்கு இருந்தால் சேதாரத்தைப் பற்றி வியாபாரியிடம் தலைநிமிர்ந்து பேசலாம். செய்த சரக்கை இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த நிலையத்தில் சோதித்து முத்திரை பெற்றால், வாங்குபவருக்கும் ஐயமிராது.

நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வெள்ளி வேலைக்காரனுக்கு இரண்டும் ஒன்றேதான். வருகிற மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் முப்பது நாள் அரத்தூளைச் சேர்த்து எடை போட்டுக் கொண்டுவாருங்கள். அந்தத் தராசைப் பார்த்த பிறகு, மேலே செய்யவேண்டியதை நாம் சேர்ந்து தீர்மானிப்போம்.