பயிரும் விளக்கும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலை அடுத்துள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களும் விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இரு கரைகளுக்கும் பெயராயின. இவ்வாறு ஒளியைக் கொண்டே நிலத்துக்குப் பெயரிட்ட மக்களிடம் சென்று, "அறையை அடைத்து, மின்விளக்கேற்றி, அதன் கீழே பயிர் வளர்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அது முதலில் வேடிக்கையாகவே தோன்றும். ஆயினும் அது நகைத்து ஒதுக்கிவிடத்தக்க செய்தியன்று.

பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் பல எழுந்துள்ளன. அங்கு வரும் விருந்தினர் பச்சையாக உண்ணும் சலாது இலையை விரும்புவர். அந்த இலை குளிர் நாட்டுப் பயிர். நுவரெலியா மலைச் சாரலில் செழித்து வளரும். மட்டக்களப்பு வெயிலிலோ இலை திரளுமுன்னரே தண்டு நீண்டு, பூவெடுத்து, கசந்துவிடும். ஆகவே, ஊரிலேயே ஓர் அறையைக் குளிரூட்டிச் சலாது வளர்த்தால் என்ன என்று ஓர் இளைஞன் எண்ணுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டில் வெறுமையாகக் கிடக்கும் அறை ஒன்று உண்டு. முதலுக்குத் தாயாரின் காப்பு உண்டு. விளக்கு விற்போர், பீங்கான் குழாய் கொண்ட உலோக ஏலைட்டு விளக்கே இதற்கு ஏற்றது என்கின்றனர். கடைகளில் 'செராமிக் மெற்றல் ஹேலைட்' என்று வழங்குவது அதுவே. காப்பை அடகு வைக்குமுன் அவன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள.

பயிர் ஒளியை உண்டு வாழ்கிறது என்பது பழைய உண்மை. இலையின் பச்சை நிறமான பகுதிகள் ஒளியில்தான் காற்றைத் தூய்மையாக்குகின்றன என்பதை ஒல்லாந்து நாட்டு மருத்துவர் யான் இங்கென்ஹவுசு 1779ஆம் ஆண்டில் சோதனைகளால் நிறுவினார். இலை எல்லா ஒளியையும் ஒரே வகையாக உண்பதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. நீலம் முதல் சிவப்பு வரையுள்ள ஒளி, அதாவது 400 நனோமீற்றர் முதல் 700 நனோமீற்றர் வரை அலைநீளமுடைய ஒளியே ஒளித்தொகுப்புக்குப் பயன்படுகிறது. மனிதக் கண்ணோ இந்த எல்லைக்குள் நடுவிலுள்ள மஞ்சள் கலந்த பச்சையையே மிகப் பிரகாசமாகக் காண்கிறது.

முதல் தவறு பிறக்கும் இடம் இதுவே. விளக்குப் பெட்டியின் மீது அச்சிடப்படும் 'லூமன்' என்னும் அளவு மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொண்டது. கண்ணுக்குக் கூசும் விளக்கு பயிருக்கும் நிறைந்த உணவு தரும் என்பது உறுதியன்று. பயிரின் கணக்கு ஒளித்துணிக்கைகளின் கணக்கு. படுவான்கரை உழவர் நெல்லை மரைக்காலாலும் அவணத்தாலும் அளப்பது போல, விஞ்ஞானிகள் ஒளித்துணிக்கைகளை 'மூல்' என்னும் அளவால் அளக்கின்றனர். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு நாளில் எத்தனை மூல் ஒளி விழுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சலாதுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மூல் போதும். தக்காளிக்கு 20 முதல் 30 வரை வேண்டும். வானம் தெளிந்த நாளில் மட்டக்களப்பின் திறந்த வெளியில் 40 மூலை அண்டி ஒளி பொழிகிறது. அதற்கு எவரும் பட்டியல் அனுப்புவதில்லை.

இனி, விளக்கைப் பார்ப்போம். உலோக ஏலைட்டு விளக்கை அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த கில்பேட் ரெய்லிங் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதன் உள்ளே படிகக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதரச ஆவியோடு உலோக உப்புகள் அடைக்கப்பட்டிருந்தன. மின்வில் எரியும்போது அவ்வுப்புகள் ஆவியாகி, தத்தம் நிறத்தில் ஒளிர்ந்து, யாவும் கலந்து வெண்ணிறம் தரும். ஆயினும் நாளடைவில் அக்குழாயின் நிறம் மாறியது. ஒரே வகை விளக்குகள் இரண்டு வேறு நிறத்தில் எரிந்தன. இக்குறையை நீக்கவே படிகக் கண்ணாடிக்குப் பதிலாக அலுமினா என்னும் ஒளி புகும் பீங்கான் குழாய் வந்தது. வீதிகளில் மஞ்சளாக எரியும் சோடிய விளக்குகளில் இப்பீங்கான் 1960களிலேயே பயன்பட்டிருந்தது. 1990களில் பிலிப்ஸ் நிறுவனம் அதனை உலோக ஏலைட்டு விளக்குக்கும் கொண்டுவந்தது. பீங்கான் மிகுந்த வெப்பத்தைத் தாங்குமாதலால், ஒளி நிறைவாகவும் நிறம் நிலையாகவும் அமைந்தது.

இவ்விளக்கின் சிறப்புகளை மறைக்க வேண்டுவதில்லை. இதன் ஒளி நீலமும் பச்சையும் சிவப்பும் கலந்தது. பகல் ஒளிக்கு மிக நெருங்கியது. சோடிய விளக்கின் கீழ் எல்லா இலையும் பழுத்த இலையாகத் தோன்றும். நோய் எது, நிறம் எது என்று பிரித்தறிதல் அரிது. பீங்கான் குழாய் விளக்கின் கீழ், வெளிறிய இலையை வெளிறியதாகவே காணலாம். அசுவினி மொய்த்திருப்பதையும் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கலாம். பயிர்வளர்ப்புக்கென விற்கப்படும் 315 வாற்று விளக்குகளில் இருவகை உண்டு. 3100 கெல்வின் எனக் குறிக்கப்பட்டது சிவப்பு மிகுந்தது. பூவும் காயும் தரும் பயிருக்கு உகந்தது. 4200 கெல்வின் எனக் குறிக்கப்பட்டது நீலம் மிகுந்தது. குட்டையாகவும் தடித்தும் வளர வேண்டிய இலைப்பயிருக்கும் நாற்றுக்கும் உகந்தது. இளைஞன் சலாதுக்காக இதனை வாங்குவதாயின் 4200 கெல்வினே வாங்க வேண்டும்.

ஆனால் வாங்கத்தான் வேண்டுமா? கணக்கைப் பார்த்த பின்னரே சொல்ல இயலும்.

315 வாற்று விளக்கு தனியே எரியாது. 'சோக்' என்று மின்கடைகளில் வழங்கும் நிலைப்படுத்தியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 340 வாற்று மின்சாரத்தை உட்கொள்ளும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பயிர் விளக்குகளை ஒப்பிட்டு 2014ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்டனர். அதில் இவ்வகை விளக்கு ஒன்று ஒரு யூல் மின்சக்திக்கு 1.46 மைக்ரோமூல் ஒளித்துணிக்கைகளைத் தந்தது. இந்த அளவின்படி, நான்கடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு பாத்தியின் மேல் விளக்கைத் தொங்கவிட்டு, சுவரில் வீணாகும் ஒளியைக் கழித்து, நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் எரித்தால், பயிருக்குக் கிடைப்பது சதுர மீற்றருக்கு 13 மூல் அளவே. சலாதுக்கு இது போதும். தக்காளிக்குப் போதாது.

அதற்குச் செலவாகும் மின்சாரம் நாளொன்றுக்கு நான்கு அலகு. மாதத்துக்கு 122 அலகு. செலவு அத்துடன் முடிவதில்லை. விளக்கு உட்கொள்ளும் மின்சாரம் ஒளியாக வெளிப்பட்டாலும் வெப்பமாக வெளிப்பட்டாலும், ஈற்றில் ஏறக்குறைய முழுவதும் அறைக்குள்ளே வெப்பமாகவே தங்குகிறது. குளிர் நாட்டில் பயிரறை அமைப்போர் இவ்வெப்பத்தை நன்மையாகக் கொள்வர். பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கும் செலவு அவர்களுக்குக் குறையும். மட்டக்களப்பில் நிலைமை நேர்மாறானது. இங்கே அறையை அடைத்ததே குளிர்ச்சிக்காக. விளக்கு தரும் வெப்பத்தைக் குளிரூட்டி இறைத்து வெளியேற்ற வேண்டும். மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு பங்கு மின்சாரம் செலவாகும். ஆகவே இன்னும் 41 அலகு சேர்கிறது. மொத்தம் 163 அலகு. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வரும் வெயிலின் வெப்பம் இக்கணக்கில் சேரவில்லை.

அப்பாத்தியில் 36 செடி வைக்கலாம். நாற்று நட்டு ஐந்து கிழமையில் அறுவடை செய்யலாம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு செடிக்கு ஐந்து அலகுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கும். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். ஆகையால் இச்செலவு அவ்வீட்டின் மற்ற மின்சாரச் செலவையும் மேற்படிக்கு இழுத்துச் செல்லும். சந்தையில் சலாது என்ன விலைக்குப் போகிறது என்பதையும் மின்பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இளைஞனின் கடமை.

இதே ஒளியை இன்று கிடைக்கும் நல்ல எல்.ஈ.டி. விளக்கு ஏறக்குறைய 190 வாற்று மின்சாரத்தில் தந்துவிடும். வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும். குளிரூட்டும் செலவும் சேர்த்து மாதத்துக்கு 91 அலகு. அதாவது ஒரு செடிக்கு மூன்று அலகு. மேலும், பீங்கான் குழாய் விளக்கைப் பயிரிலிருந்து எட்டத்தில் உயரத் தொங்கவிட வேண்டும். அருகே வந்தால் இலை கருகும். எல்.ஈ.டி. விளக்கை ஒரு முழத்துக்கும் குறைந்த இடைவெளியில் வைத்து, தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கலாம். வாழைக் கன்றுகளைப் போத்தலுக்குள் வளர்க்கும் இழைய வளர்ப்பு அறைகளில் முன்னர் குழல் விளக்குகளும் இப்போது எல்.ஈ.டி. விளக்குகளும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

வெப்பத்தோடு வேறு இடர்களும் உண்டு. எரியும் பீங்கான் குழாய் விளக்கின் மீது ஒரு துளி நீர் தெறித்தாலும் கண்ணாடி வெடிக்கக்கூடும். வெளிக்கண்ணாடி உடைந்தபின்னும் உட்குழாய் எரிந்துகொண்டிருப்பின், அதிலிருந்து வரும் ஊதாக்கடந்த கதிர் கண்ணையும் தோலையும் தாக்கும். வாவிக் கரையின் உப்புக் காற்று மின் தொடுப்புகளை அரித்துவிடும். புவித்தொடுப்பு இல்லாத அறையில் நீரும் மின்சாரமும் ஒருங்கே இருத்தல் உயிராபத்து. வேறு வகை விளக்குக்குரிய சோக்கை இதற்குப் பொருத்துதல் ஆகாது. மின்சாரம் தடைப்பட்டு மீண்டு வந்தாலும் இவ்விளக்கு உடனே எரியாது. குழாய் ஆறும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களால் பயிர் வாடாது. ஆனால் குளிரூட்டியும் நின்றுவிடுமே! 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். அடைத்த அறையில் வளரும் பயிருக்கு மின்சாரமே வானமும் காற்றும் ஆகும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

எரிந்து முடிந்த விளக்கிலும் பாதரசம் உண்டு. அதனை உடைத்து எறிதலோ வாவியில் வீசுதலோ பெரும் தீங்கு. நீரடியில் பாதரசம் நச்சு வடிவம் பெற்று, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், மீனிலிருந்து உண்பவருக்கும் ஏறிச் செல்லும். வாவி மீனை நம்பி வாழும் ஊர்களில் இதனை வற்புறுத்திச் சொல்லவே வேண்டும்.

அப்படியாயின் இவ்விளக்கு யாருக்கு உதவும்? உயரமான கூரையும் நல்ல காற்றோட்டமும் உடைய ஆய்வுக்கூடத்தில், உயர்ந்து வளரும் பயிரை, பகல் ஒளியை ஒத்த ஒளியில் ஆராய வேண்டியவருக்கு உதவும். குளிர் நாட்டில் வாழ்ந்து, பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்ற முயலும் தமிழருக்கும் உதவும். கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ தகரக் கூரையின் கீழுள்ள சிறிய அறைக்கு இது பொருந்தாது.

மாரிகாலத்தில் வானம் பல நாள் இருண்டு கிடக்கும்போது நாற்றுகள் வெளிறி நெட்டையாவது உண்மையே. மழை படாத கொட்டிலில், நாற்றுத்தட்டின் மேல் காலையும் மாலையும் சில மணித்தியாலம் சிறிய எல்.ஈ.டி. விளக்கு எரித்தால் அக்குறை தீரும். ஆனால் இரவு முழுவதும் எரித்தல் கூடாது. பயிர்களுள் சில, இரவின் நீளத்தை அளந்தே பூக்கின்றன. கானர், அல்லாட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1920ஆம் ஆண்டில், பகல் நீளத்துக்கேற்பப் பூக்கும் இவ்வியல்பை விளக்கினர். மட்டக்களப்பில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டையே பழைய பெரும்போக நெல்லினங்கள் அறிந்து கதிர் விட்டன. தெருவிளக்கின் அடியில் நிற்கும் இத்தகைய நெல் கதிர் விடாமல் பச்சையாகவே நிற்பதுண்டு.

இளைஞனுக்கு இறுதியாகச் சொல்லத்தக்கது இதுவே. பாதி ஒளியை மறைக்கும் நிழல்வலையைக் கட்டினாலும், தெளிந்த நாளில் அதன் கீழ் 20 மூல் ஒளி கிடைக்கிறது. 340 வாற்று விளக்கு தந்ததோ 13. கீரையும் மிளகாயும் தக்காளியும் வளர்க்க விரும்புவோன் காப்பை அடகு வைக்க வேண்டுவதில்லை. வலையும் கம்பும் போதும். சலாதுதான் வளர்ப்பேன் எனின், ஒரே ஒரு தட்டில், எல்.ஈ.டி. விளக்கின் கீழ், ஒரு போகம் வளர்த்து, மின்பட்டியலைக் கண்டபின் விரிவாக்குக. கரடியனாற்றிலுள்ள விவசாயப் பயிற்சி நிலையத்திலும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் கேட்டறிய ஆட்கள் உளர்.

விளக்கு மனிதனின் அரிய ஆக்கம். ஞாயிறு எட்டாத இடத்துக்கே அது வேண்டும். எழுவான்கரையில் எழுந்து படுவான்கரையில் படும் ஒளி எவ்வளவு என்பதை அளந்தறிந்தவனே, அதற்கு மேல் எவ்வளவு ஒளியை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதையும் அறிவான்.